சனிக்கிழமை சம்பளம்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்களிடம் "கஷ்ட காலம்" என்று பேச்செடுத்தால், "எந்த வருசத்தைச் சொல்றீங்க?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். 2008-ல் அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தபோது இங்கே ஆர்டர் சுருங்கியது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயம் போட வெளியூர்களுக்கு லாரி லாரியாகத் துணி போய் வந்தது. 2016-ல் பணமதிப்பு நீக்கம், அடுத்த வருடமே ஜிஎஸ்டி, 2020-ல் கொரோனா. 2022-ல் ஒரு கண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி, நூல் விலையைக் கேட்கவே பயந்தோம். 2025-ல் அமெரிக்க வரி. நடுவில் நல்ல வருடங்களும் இருந்தன. அவற்றைப் பற்றி இந்த ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை, கண்பட்டுவிடும் என்பது போல.

நான் ஒரு நடுத்தர ஏற்றுமதிக் கம்பெனியில் ஃபேக்டரி மேனேஜர். முதலாளி இல்லை. முதலாளியிடம் பணம் இருக்கும், அல்லது பணம் புரட்டுகிற வழி இருக்கும். டெய்லரிடம் தொழில் இருக்கிறது, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். நடுவில் இருப்பவனிடம் அவன் சொல்கிற வார்த்தையைத் தவிர வேறு முதலீடு கிடையாது. கஷ்ட காலத்தில் ஆட்களை நடத்துவது எப்படி என்று யாராவது கேட்டால், அந்த முதலீட்டை எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும்.

ஒருமுறை கோவையில் ஒரு ஓட்டலில் தலைமைப் பண்புப் பயிற்சி என்று அனுப்பி வைத்தார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. பயிற்சி கொடுத்தவர், புயலில் சுக்கானைப் பிடித்தபடி நிற்கிற கப்பல் தலைவனின் படத்தைத் திரையில் போட்டு, நீங்கள் எல்லாம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். கப்பலில் இருப்பவர்கள் நடுக்கடலில் இறங்கிப் போக முடியாது சார், அதுதான் அவருடைய வசதி. எங்கள் டெய்லர் பதினோரு மணி டீக்கு வெளியே போனவர் அப்படியே அடுத்த தெரு கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் போன் போட்டால், "அங்க பீஸுக்குப் பத்து பைசா சேத்தித் தர்றாங்கண்ணா" என்பார்.

கலங்காத முகம், கணீர்க் குரல், ஊக்கம் தரும் பேச்சு இதெல்லாம் இருந்தால் நல்லதுதான். ஆனால் தையல் மெஷின் லைனில் உட்கார்ந்திருப்பவருக்கு அதைவிட முக்கியமாக ஒன்று தேவைப்படுகிறது. நாளைக்கு இந்த ஆள் என்ன செய்வார் என்பது அவருக்கு இன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். கெட்ட செய்தியைக்கூட ஜனங்கள் தாங்கிக்கொள்கிறார்கள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, முதலாளி வந்து போன பிறகு வேறொன்று என்று பேசுகிறவனைத்தான் தாங்க மாட்டார்கள்.

திருப்பூரில் இந்த "தெரிந்திருப்பது" எல்லாம் சனிக்கிழமையில் வந்து நிற்கும். வாரச் சம்பள ஊர் இது. சனிக்கிழமை சாயங்காலம் கடைவீதியில் நடக்க இடம் இருக்காது. செக்கிங்கில் இருக்கிற அக்கா ஒருவர் சம்பளக் கவரை வாங்கியதும் எண்ணிப் பார்க்க மாட்டார், பிரிக்க ஆரம்பித்துவிடுவார். மளிகைக் கடைப் பாக்கி ஒரு மடிப்பு. சீட்டுப் பணம் ஒரு மடிப்பு. குழுக் கடன் தவணை ஒரு மடிப்பு, அதை ஜாக்கெட்டுக்குள் வைப்பார். மீதி பர்ஸில். அந்தக் கவர் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனால் அவருக்கு மட்டும் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். குழுவில் இருக்கிற மற்றவர்கள் அவருடைய தவணையைக் கட்ட வேண்டும், மளிகைக் கடைக்காரர் மொத்தக் கடைக்குச் சொன்ன தவணை தவறும். சம்பளம் ஒரு நாள் தள்ளினால் ஒரு தெருவே தள்ளாடும்.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை ராத்திரி அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை 12-ம் தேதி. எங்கள் கம்பெனியில் அப்போது பெரும்பாலானவர்களுக்கு ரொக்கம்தான். வங்கியில் வாரத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அடுத்த வாரம் நடப்புக் கணக்குக்கு 50,000 என்று தளர்த்தினார்கள். அதை வைத்து ஒரு லைனுக்குக்கூடச் சம்பளம் போட முடியாது. ஊரில் பல இடங்களில் பழைய 500 ரூபாய் நோட்டையே கையில் கொடுத்தார்கள். சில இடங்களில் வரப்போகிற வாரங்களுக்கும் சேர்த்து முன்பணமாகத் திணித்தார்கள். வாங்கிய ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வங்கி வாசலில் நின்றார்கள்.

எங்கள் முதலாளி பெட்ரோல் பங்க், மொத்த மளிகை என்று தெரிந்தவர்களிடமெல்லாம் போய் நூறு ரூபாய்க் கட்டுகளைத் தேற்றிக்கொண்டு வந்தார். அதை ஆளுக்கு ஒரே தொகையாகப் பிரித்தோம். டெய்லர், கைமடி (டெய்லருக்குக் கை உதவி செய்கிறவர்), கட்டிங் மாஸ்டர், நான் எல்லோருக்கும் ஒரே தொகைதான். மீதியை ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என்று ஏற்பாடு. எனக்கும் முதலாளிக்கும் சண்டை வந்தது அந்தச் சீட்டில் தேதி போடுவதில்தான்.

"தேதி எல்லாம் போடாதீங்க. வங்கி எப்ப விடுவான்னு யாருக்குத் தெரியும்? பணம் வந்ததும் தர்றோம்னு சொல்லுங்க."

"தேதி இல்லாத சீட்டு வெறும் காகிதமுங்க. வேணும்னா தள்ளியே போடுவோம். போட்ட தேதி மட்டும் தப்பக்கூடாது."

மூன்று வாரம் தள்ளித் தேதி போட்டோம். லைனில் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் குழுக் கடன்காரர் வந்தபோது அந்த அக்கா துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டி, "இந்தத் தேதிக்கு வாங்க" என்று சொல்ல முடிந்தது. எழுதிய தேதியில் கொடுத்தோம். அந்த மாதம் வங்கிக்காரர்கள் கம்பெனிக்கே வந்து மேசை போட்டு எல்லோருக்கும் கணக்குத் திறந்தார்கள். அதற்குப் பிறகு முதலாளி நான்கு வாரச் சம்பளத்தைத் தனியாக வைப்பில் போட்டு வைக்க ஒப்புக்கொண்டார். பையரிடமிருந்து, அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து, பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகிற தொழிலில் அவ்வளவு பணத்தை முடக்கி வைப்பது எந்த முதலாளிக்கும் கசக்கும். அவருக்கும் கசந்தது. இதைச் சொல்லாமல் மேனேஜர்களின் மனஉறுதியை மட்டும் புகழ்ந்து எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். என் உறுதியில் பாதி அந்த வைப்பு ரசீது.

கொரோனா ஊரடங்கை அறிவித்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத்தான், 2020 மார்ச் 24. (செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு டிவி போடுவதென்றால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் யோசிப்பார்கள்.) அந்த வாரச் சம்பளம் கணக்குகளில் போய்ச் சேர்ந்தது. அதற்கு 2016-க்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பிரச்சினை அதற்கப்புறம். ஊரடங்கில் யாருடைய சம்பளத்தையும் பிடிக்கக் கூடாது என்று மார்ச் 29-ல் மத்திய உள்துறை உத்தரவு போட்டது. மே நடுவில் அதுவும் விலகியது. தைத்து முடித்த சரக்கு பெட்டிகளில் கிடக்கிறது, கண்டெய்னர் நகரவில்லை, பையர்கள் மெயிலுக்குப் பதில் போடுவதில்லை.

அந்த நேரத்தில் "யாரும் கவலைப்படாதீங்க, முழுச் சம்பளம் வரும்" என்று சொல்வது ரொம்பச் சுலபம். சொன்னால் சாமி மாதிரி கும்பிடுவார்கள், ஒரு மாதத்துக்கு. நான் முதலில் அக்கவுண்டன்டிடம் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். மார்ச்சுக்கு முழுசாகவும் ஏப்ரலுக்குப் பாதியும் தாங்கும், ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு அரிசி பருப்பு தனி என்றார். அதையேதான் சொன்னேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பினேன்: இன்றைக்குத் தெரிந்தது இது, இன்னும் தெரியாதது இது, அடுத்த பணம் இந்தத் தேதி. ஒரு நாள் சொல்வதற்கு எதுவுமே இல்லை. "இன்னிக்குப் புதுசா ஒண்ணும் இல்லைங்க, நாளைக்கு ஆறு மணிக்குப் பேசறேன்" என்று மட்டும் அனுப்பினேன். அதற்குத்தான் நிறையப் பேர் பதில் போட்டார்கள். ஒருவர், "பரவால்லீங் சார், ஆறு மணி ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டோம்" என்று எழுதியிருந்தார். மே மாதம் கம்பெனி திறந்தபோது முதலில் முகக்கவசம்தான் தைத்தோம், ஊரில் பாதிப் பேரைப் போல.

மற்ற நாட்களில் வதந்தி எங்கே பிறக்கிறது என்று பார்த்தால், டீ டைமில். ஆபீஸ் ரூம் கதவு அரை மணி நேரம் சாத்தியிருந்தால் போதும். பதினோரு மணி டீக்குள் கம்பெனியை விற்றுவிட்டார்கள் என்று பேக்கிங்கில் பேச்சு வரும், நாலு மணி டீக்குள் வாங்கிய ஆளின் பெயரும் வந்துவிடும். அதனால் ஏதாவது கெட்ட மெயில் வந்தால் டீக்கு முன்னாலேயே சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடுவேன். டெய்லர் மேனேஜரிடம் வந்து கேட்க மாட்டார். பக்கத்தில் நிற்கிற சூப்பர்வைசரிடம்தான் கேட்பார்: "ஏனுங்ண்ணா, என்னமோ பேசிக்கறாங்க, நெசமுங்களா?" அந்த நேரத்தில் சூப்பர்வைசர் முழித்தால், மேலே நான் எவ்வளவு நிதானமாக இருந்தும் பிரயோசனம் இல்லை. மேனேஜ்மென்ட் என்று புத்தகங்களில் சொல்வதில் முக்கால்வாசி எங்கள் தொழிலில் சூப்பர்வைசரின் அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

தரம் இன்னொரு விஷயம். கையில் காசு இறுக்கமாக இருக்கும்போது ஷிப்மென்டை எப்படியாவது தள்ளிவிடத் தோன்றும். நல்ல காலத்தில் திருப்பி அனுப்புகிற ஆல்டர் பீஸை, அதாவது தையலைத் திருத்த வேண்டிய பீஸை, கெட்ட காலத்தில் "பரவாயில்ல, விடு" என்று பெட்டியில் போடச் சொல்கிற வாய் இருக்கிறதே, அதை லைன் முழுக்கக் கவனிக்கும். குறையுள்ள பீஸை எவ்வளவு வரை விடலாம் என்கிற அளவுகோலை, ஏ.க்யூ.எல் 2.5 என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். காலரில் தையல் விட்டிருந்தால் 2019-லும் திருப்பி அனுப்பினோம், நூல் விலை எகிறிய 2022-லும் திருப்பி அனுப்பினோம். இது நேர்மைக்காக மட்டும் இல்லை. தரத்தில் ஆள் வளைகிறார் என்றால் சம்பளத் தேதியிலும் வளைவார் என்று ஜனங்கள் கணக்குப் போடுவார்கள். சரியான கணக்குதான்.

2023 மார்ச் முதல் வாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற கஷ்டங்களில் பணம் இல்லை, நூல் இல்லை, ஆர்டர் இல்லை. இதில் எல்லாமே இருந்தது, ஆட்கள் மட்டும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போனுக்குப் போன் வீடியோக்கள் சுற்றின. எங்கெங்கோ வேறு காரணத்துக்கு நடந்த வெட்டுக்குத்தை எடுத்துத் திருப்பூர் என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு, அவை பொய் என்று வீடியோ வெளியிட்டார். பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கே வந்து ஆட்களிடம் பேசிவிட்டுப் போனது. ஆனால் பீகாரில் இருக்கிற அம்மாவுக்கு டிஜிபி யாரென்று தெரியாது. அவர் மகனுக்குப் போன் போட்டு அழுகிறார். மகன் ஓவர்லாக்கில் கையை வைத்தபடி காதில் அம்மாவின் அழுகையைக் கேட்கிறான், ஊசிக்கடியில் துணி கோணலாகப் போகிறது. ஹோலி வேறு மார்ச் 8-ல். ஸ்டேஷனில் தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏற இடமில்லை.

கைவசம் ஐரோப்பிய ஆர்டர், கண்டெய்னர் தேதி நெருங்குகிறது. ஊரில் சில இடங்களில் ஒரு குறுக்கு வழி செய்தார்கள். "ஹோலி முடிச்சிட்டு வா, அப்ப வாங்கிக்கோ" என்று ஒரு வாரச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார்கள். காசு இங்கே இருந்தால் ஆள் திரும்பி வருவான் என்று நினைப்பு. எங்கள் ஆபீஸிலும் அந்தப் பேச்சு வந்தது. ஒடிசாவிலிருந்து கைமடியாக வந்து, எங்களிடமே சூப்பர்வைசர் ஆனவர் ஒருவர் இருக்கிறார். தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் திட்டுவார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை.

"காசை நிறுத்தினா வீடியோ நெசம்னு நம்பிருவாங்க சார்."

அதற்கு மேல் விவாதம் இல்லை. வழக்கம் போல சனிக்கிழமை, வழக்கமான நேரத்தில் சம்பளம். கிளம்புகிறவர்களுக்கு ஓவர்டைம் வரை கணக்கு முடித்துக் கொடுத்தோம். எந்தத் தேதி வரை அவர்களுடைய மெஷினை வேறு யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருப்போம் என்பதை அந்த சூப்பர்வைசரை இந்தியில் சொல்லச் சொன்னோம். ராத்திரி ஹாஸ்டலில் இந்த ஊர் டெய்லர்கள் சிலர் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அதை நான் சொல்லவில்லை, அவர்களாகப் போனார்கள், பிறகு கேள்விப்பட்டேன். கொஞ்சம் பேர் ஊருக்குப் போனார்கள். அவர்களில் முக்கால்வாசி திரும்பி வந்தார்கள், சிலர் தம்பியையும் கூட்டிக்கொண்டு. ஷிப்மென்ட் தாமதமாகத்தான் போனது. அதற்கு பையர் கேட்ட தள்ளுபடி முதலாளிக்கு இன்னும் நினைவிருக்கிறது, அவ்வப்போது எனக்கும் நினைவுபடுத்துகிறார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆள் நிலையாக இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 அப்படி முடியவில்லை.

அப்போது திருப்பூர் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 7-ல் கூடுதலாக 25 சதவீத வரி, 27-ல் இன்னொரு 25. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம், பாகிஸ்தானுக்கும் கம்போடியாவுக்கும் 19. ஒரு டி-சர்ட்டில் எங்களுக்கு நிற்கிற லாபத்தை வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தைத் தாங்குவது பற்றிப் பேசவே வேண்டாம். 27-க்கு முன்னால் கப்பலில் ஏற்றி, செப்டம்பர் 17-க்கு முன்னால் அங்கே இறக்கிவிட்டால் இரண்டாவது 25 கிடையாது என்று ஒரு சலுகை இருந்தது. தூத்துக்குடியிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர ஆகிற நாளைக் கணக்குப் பார்த்தால் யாருக்கு அது உதவும் என்று தெரியும். சில பையர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள், சிலர் வரியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள்.

எங்கள் முன்னால் இரண்டு வழி இருந்தது. அமெரிக்க லைன்களை மூடி அந்த ஆட்களை அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்கு வழக்கம் போல ஒன்றரை ஷிப்ட் ஓட்டலாம். அல்லது யாரையும் அனுப்பாமல் எல்லோருக்கும் ஒரே ஷிப்ட் என்று குறைக்கலாம். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். சனிக்கிழமை சம்பளத்துக்கு முன்னால் எல்லோரையும் கட்டிங் டேபிள் பக்கம் கூட்டி, இதுதான் நிலைமை, தீபாவளி வரை ஒரு ஷிப்ட்தான், போனஸ் 8.33 சதவீதம் உண்டு, அதற்கு மேல் இந்த வருடம் எதிர்பார்க்காதீர்கள், முடிவு மாறினால் அதையும் ஒரு சனிக்கிழமையில்தான் சொல்வேன் என்றேன்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அது பரவாயில்லை. வீடு இருக்கிறது, ரேஷன் இருக்கிறது. வெளி மாநிலப் பையன்களுக்கு ஓவர்டைம் இல்லாத திருப்பூரில் என்ன வேலை? அவர்கள் இங்கே வந்ததே அந்த அரை ஷிப்டுக்குத்தான், ஊருக்கு அனுப்புகிற பணம் அதிலிருந்துதான் வருகிறது. எல்லோருக்கும் சமமாகக் குறைத்தோம் என்று நாங்கள் நினைத்தது அவர்களுக்குச் சமமாக இல்லை. பேட்லாக் மெஷின் ஓட்டுகிற நல்ல டெய்லர்கள் சிலர் உள்நாட்டு ஆர்டர் எடுக்கிற கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் எட்டு வருடம் எங்களோடு இருந்தவர். "நீங்க சொன்னபடி செய்வீங்கன்னு தெரியும் சார், அதனாலதான் கிளம்பறேன். ஒரு ஷிப்ட்னா ஒரு ஷிப்ட்தான் இருக்கும்" என்றார். அவரைத் தடுக்க என்னிடம் பதில் இல்லை. வேறொரு மேனேஜராக இருந்தால் "அடுத்த வாரம் பாக்கலாம், ரெண்டு வாரத்துல சரியாயிடும்" என்று ஒவ்வொரு வாரமாக ஓட்டி அவரைத் தீபாவளி வரை பிடித்து வைத்திருக்கலாம். அப்படி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கம்பெனியும் ஓடுகிறது. நான் அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன், எனக்கு அந்தத் தொழில் வராது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நிலையாக இருப்பதற்கும் பிடிவாதம் பிடிப்பதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அந்த வருடம் ஜூலையிலேயே இங்கிலாந்தோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. முதலாளி அமெரிக்க பையர்களையே நம்பி உட்கார வேண்டாம், சாம்பிளை அந்தப் பக்கம் அனுப்புவோம் என்றார். எனக்கு முதலில் ஒப்பவில்லை. புது பையர் என்றால் புது அளவு, புது பரிசோதனை, முதல் ஆர்டரில் நஷ்டம் உறுதி. ஆனால் நாங்கள் லைனுக்குக் கொடுத்த வாக்கு ஷிப்டைப் பற்றியதும் சம்பளத்தைப் பற்றியதும்தான், எந்த நாட்டுக்குத் தைப்போம் என்பதைப் பற்றி இல்லையே. அதனால் சரி என்றேன். இரண்டு லைன்களைச் சாம்பிளுக்கு மாற்றினோம். மாற்றியதை ஒரு சனிக்கிழமையில் சொன்னோம்.

வேலையில் இவ்வளவு நிதானம் காட்டுகிறவர் வீட்டில் எப்படி என்று கேட்காதீர்கள். என் மனைவியிடம் வேறு விதமான கட்டுரை ஒன்று தயாராக இருக்கிறது.

இப்போது எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற தகராறு சூப்பர்வைசர் ரூமில் இருக்கிற போர்டைப் பற்றியது. அடுத்த ஆறு வாரத்துக்கு எந்த லைனுக்கு எவ்வளவு பீஸ் கைவசம் இருக்கிறது என்று அதில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். லைன் காலியாகப் போகிறது என்றால் அது டீக்கடையில் தெரிவதற்கு முன் சூப்பர்வைசருக்குத் தெரியட்டும் என்று. முதலாளிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆர்டர் குறைகிறது என்று வெளியே தெரிந்தால் நூல்காரர் கடன் கொடுக்க யோசிப்பார், வங்கிக்காரர் வந்து உட்கார்ந்துகொள்வார் என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. நூல் கடனில்தான் வருகிறது. இப்போதைக்கு பையர் பெயரை அழித்துவிட்டு லைன் நம்பரும் பீஸ் கணக்கும் மட்டும் எழுதுகிறேன். கணக்கையும் எடுக்கச் சொல்கிறார். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.